கிழிந்த கருவிழியைத் தைத்தார்கள். புதுக் கருவிழி ஏன் வைக்கவில்லை?

வைகைக்கரை · 2023 மே 14, இரவு 10.20

என் மகனுக்கு ஏழு வயது. மூன்று வாரங்களுக்கு முன் ஈர்க்குச்சியில் அம்பு செய்து விளையாடியபோது பக்கத்து வீட்டுப் பையன் விட்ட அம்பு இடது கண்ணில் பாய்ந்துவிட்டது. அன்றிரவே அறுவை செய்து கருவிழியில் ஐந்து தையல் போட்டார்கள். "கண் தப்பிவிட்டது" என்றார் டாக்டர். ஆனால் அந்தக் கண்ணால் விரலைக்கூட அவனால் சரியாக எண்ண முடியவில்லை. எல்லாம் மங்கலாகத் தெரிகிறது என்கிறான். கண்தானம் இவ்வளவு நடக்கும் காலத்தில் கிழிந்ததைத் தைத்து அனுப்புவானேன்? அன்றே புதுக் கருவிழி வைத்திருந்தால் இந்நேரம் தெளிவாகத் தெரிந்திருக்குமே. செலவைப் பார்த்தோ, செய்ய ஆள் இல்லாமலோ தைத்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அரங்குச் செவிலி · 2023 மே 15, காலை 6.05

தைத்தது சரி. அன்றிரவே தைத்தது அதைவிடச் சரி. செலவும் ஆளும் காரணமல்ல.

கண் அறுவை அரங்கில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றவள் நான். ஓய்வு பெற்றுவிட்டேன். டாக்டர் அல்ல, உங்கள் மகனின் கண்ணையும் பார்த்ததில்லை. ஆனால் இதே கேள்வியை வார்டில் பெற்றோர் பலர் கேட்டிருக்கிறார்கள்.

கருவிழி என்பது கண்ணின் முன்பக்கத் தெளிவான மூடி. அது கிழிந்தால் கண் திறந்துகிடக்கிறது என்று பொருள். உள்ளே இருக்கும் நீர் ஒழுகுகிறது, வெளியே இருக்கும் கிருமி உள்ளே போகிறது, ஐரிஸ் (கருவிழிக்குப் பின்னால் இருக்கும் நிறத் திரை) காயத்தின் வாய்க்கு வந்து பிதுங்குகிறது. அந்த இரவில் செய்ய வேண்டியது, நீர் ஒழுகாதபடி கண்ணை மூடுவது மட்டும்தான். பார்வையைத் திருத்துவது பிறகு. மூடிய கண்ணில்தான் பிறகு எதையும் செய்ய முடியும்.

புதுக் கருவிழி வைப்பதென்றால் பழைய கருவிழியின் நடுவில் ஏழெட்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு வட்டமாக வெட்டி எடுக்க வேண்டும். அழுத்தம் இழந்து தொய்ந்து கிடக்கும் கண்ணை அப்படி வெட்டினால் உள்ளே இருப்பவை வெளியே வந்துவிடக்கூடும். சிவந்து வீங்கிய கண், அயல் திசுவை நிராகரிக்கும் வாய்ப்பும் அதிகம். குழந்தைகளிடம் அது இன்னும் அதிகம். இதற்கெல்லாம் மேலே, உங்கள் மகனின் கருவிழியில் தழும்பு விழாத பகுதி இன்னும் நிறைய இருக்கிறது. அதற்கு ஈடான திசு எந்தத் தானக் கண்ணிலும் கிடைக்காது.

மூன்று விஷயம் சொல்லுங்கள். தழும்பு பாப்பாவுக்கு (ஒளி நுழையும் கண்மணித் துளைக்கு) நேராக இருக்கிறதா, ஒதுங்கியிருக்கிறதா? உள்லென்ஸில் (கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸில்) அடிபட்டதாக, புரை விழும் என்று ஏதாவது சொன்னார்களா? சின்ன ஓட்டைகள் உள்ள கறுப்புத் தட்டை அந்தக் கண்ணுக்கு முன்னால் வைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்களா? அப்போது கூடுதலாக எத்தனை வரி படித்தான்?

அரங்குச் செவிலி · 2023 மே 15, பிற்பகல் 2.40

ஓட்டைத் தட்டு எதற்கு என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

தையல் போட்ட கருவிழி ஒரே சீராக வளைந்திருக்காது. கயிற்றுக் கட்டிலில் ஓர் இடத்தில் கயிற்றை இறுக்கினால் வேறோர் இடம் நெளிவதைப் போல, ஒவ்வொரு தையலும் தன் திசையில் இழுக்கும். அதனால் ஒளி ஒரு புள்ளியில் கூடாமல் சிதறுகிறது. சின்ன ஓட்டை வழியாகப் பார்க்கும்போது சிதறும் ஒளியில் பெரும்பகுதி தடுக்கப்படுகிறது. அப்போது பார்வை கூடினால், மங்கலுக்குக் காரணம் மேற்பரப்பின் நெளிவு. விழித்திரையும் நரம்பும் வேலை செய்கின்றன. கூடாவிட்டால் தழும்பு, புரை, விழித்திரை ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்க வேண்டும். அரை நிமிடத்தில் முடியும் சோதனை. விலை உயர்ந்த ஸ்கேன்களைப் பற்றி விசாரிக்கும் பெற்றோர் இதைக் கேட்பதே இல்லை.

அரங்குச் செவிலி · 2023 மே 15, இரவு 9.15

"ஐந்து தையல்" என்று எழுதியிருக்கிறீர்கள். காலில் போடும் தையல் உங்கள் மனதில் இருக்கலாம். அதனால் அரங்கில் நடப்பதை ஒருமுறை எழுதிவிடுகிறேன்.

கருவிழியின் நடுப்பகுதி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமன். நூல் 10-0 நைலான், கறுப்பு. தலைமுடியில் பாதிகூட இருக்காது. மேசையில் விழுந்தால் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. பச்சைத் துணியில் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, மின்னுகிறதா என்று பார்த்துத்தான் தேடுவோம். ஊசி பிறை நிலவு வடிவம், நுனி தட்டை. மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் அதை அந்த அரை மில்லிமீட்டருக்குள்ளேயே செலுத்த வேண்டும், முழுவதும் துளைத்து உள்ளேயும் போகக் கூடாது. தடிமனில் முக்கால் பங்கிலிருந்து தொண்ணூறு சதவீத ஆழம் வரை போய் எதிர்ப்பக்கத்தில் அதே ஆழத்தில் வெளியே வர வேண்டும். ஆழம் குறைந்தால் காயத்தின் உள்வாய் திறந்தே நிற்கும். முழுவதும் துளைத்தால் நூல் வழியாகவே கிருமி இறங்கும்.

ஓரத்தில் போடும் தையல் நீளமாகவும் இறுக்கமாகவும் இருக்கும். நடுவை நெருங்க நெருங்கச் சின்னதாக, இழுப்புக் குறைவாகப் போடுவார்கள். ஓரம் இறுகித் தட்டையானால் நடுப்பகுதியின் குவிவு காப்பாற்றப்படும். பாப்பாவுக்கு நேர் எதிரே, முடிந்தவரை நூலே வராமல் பார்த்துக்கொள்வார்கள். முடிச்சு போட்டபின் இடுக்கியால் நூலைச் சுழற்றி முடிச்சைத் திசுவுக்குள் புதைத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் இமைக்கும்போதெல்லாம் உறுத்தும். இதற்கிடையில் ஐரிஸ் பிதுங்கியிருந்தால், அது உயிரோடும் சுத்தமாகவும் இருந்தால், பக்கத்தில் வேறொரு சிறு துளை போட்டு அதன் வழியாக மென்மையாக உள்ளே இழுத்துவிடுவார்கள். காயத்தின் வழியாகவே தள்ளினால் மறுபடி அதே வாயில் வந்து நிற்கும்.

கடைசியில் ஆரஞ்சு நிறச் சாயம் ஒரு சொட்டு. நீல விளக்கைப் போட்டால் சாயம் பச்சையாக ஒளிரும். எங்காவது கசிவு இருந்தால் அந்த இடத்தில் சாயம் கரைந்து ஒரு கோடு கீழே இறங்கும். அந்தக் கோடு வந்தால் அரங்கில் ஒருவரும் பேச மாட்டார்கள். இன்னொரு தையல் விழும். கோடு வராதபோதுதான் என் கை அடுத்த கருவிக்குப் போகும்.

அந்த ஐந்து தையலுக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகியிருக்கலாம்.

வைகைக்கரை · 2023 மே 16, காலை 8.30

சிஸ்டர், நன்றி. தழும்பு பாப்பாவுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது என்றார்கள். உள்லென்ஸ் தப்பியது. ஓட்டைத் தட்டு வைத்தபோது நான்கு வரி கூடுதலாகப் படித்தான். அதன் பொருள் எனக்கு இப்போதுதான் தெரிகிறது. மறு கண்ணும் போய்விடும் என்று எங்கள் ஊரில் ஒருவர் சொல்லி, என் மனைவி நேற்றிலிருந்து சாப்பிடவில்லை.

அரங்குச் செவிலி · 2023 மே 16, காலை 9.10

முதலில் உங்கள் மனைவியைச் சாப்பிடச் சொல்லுங்கள். நான்கு வரி என்பது மிக நல்ல செய்தி.

மறு கண் விஷயம். அது கட்டுக்கதை அல்ல. ஆனால் மிக அரிது. திறந்த காயத்தால் கண்ணின் உட்திசு வெளிப்பட்டு, உடலின் எதிர்ப்பு சக்தி அதை அன்னியமாக நினைத்து இரண்டு கண்களையும் தாக்குவது உண்டு. பிரெயில் எழுத்தை உருவாக்கிய லூயி பிரெயில், பிரான்ஸின் கூவ்ரே ஊரில் 1812-இல் மூன்று வயதில் அப்பாவின் தோல் பட்டறையில் ஊசியால் ஒரு கண்ணைக் குத்திக்கொண்டார். ஐந்து வயதுக்குள் இரண்டு கண்களும் போயின. அந்தக் காலத்தில் தையலும் இல்லை, ஆன்டிபயாட்டிக்கும் இல்லை, ஸ்டீராய்டும் இல்லை. இன்று காயத்தை உடனே மூடுகிறார்கள், தொடர்ந்து பார்க்கிறார்கள், அப்படியே வந்தாலும் மருந்து இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது: நல்ல கண்ணில் மங்கல், வெளிச்சம் கூசுதல், சிவப்பு, வலி எது வந்தாலும் அன்றே காட்டுங்கள். பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள் வரும், பல ஆண்டு கழித்தும் வரலாம். ஆகவே அடுத்த மாதமே மறந்துவிடாதீர்கள். தினமும் பயந்துகொண்டும் இருக்காதீர்கள்.

அரங்குச் செவிலி · 2023 மே 18, இரவு 8.00

"கண் தப்பிவிட்டது" என்ற சொல்லைப் பற்றி இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அரங்கிலிருந்து வெளியே வரும் டாக்டர் அதைச் சொல்லும்போது, கண்ணை எடுக்க வேண்டிவரவில்லை, சீழ் பிடிக்கவில்லை, உருண்டை மூடிவிட்டது என்று சொல்கிறார். வாசலில் நிற்கும் அப்பாவுக்கோ நாளைக் காலையில் மகன் படிப்பான் என்று கேட்கிறது. இரண்டு பேரும் உண்மையாகத்தான் இருக்கிறார்கள். இடையில் இருக்கும் பள்ளத்தில்தான் உங்களைப் போன்றவர்கள் மூன்று வாரம் மருத்துவமனையைச் சந்தேகித்துக்கொண்டு கிடக்கிறீர்கள்.

அன்றிரவே முழுவதையும் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு காலத்தில் உறுதியாக நினைத்தேன்: இது முதல் கட்டம், இன்னும் பல மாதம் இருக்கிறது, கண்ணாடி வரும், லென்ஸ் வரும், ஒருவேளை இன்னோர் அறுவையும் வரும் என்று. பிறகு பல தாய்மார்களைப் பார்த்தேன். நள்ளிரவில், குழந்தையின் இரத்தம் பட்ட சேலையோடு நிற்பவரிடம் எட்டு மாதக் கணக்கைச் சொன்னால் ஒன்றும் தங்காது. மறுநாள் காலை, கட்டுப் பிரிக்கும்போது உட்கார வைத்துச் சொல்வதுதான் சரி என்று இப்போது நினைக்கிறேன். அந்த மறுநாள் காலை உரையாடலைப் பல இடங்களில் யாரும் நடத்துவதில்லை. வரிசை நீளம், நேரம் இல்லை. காரணம் புரிகிறது, ஆனாலும் நடத்தியே ஆக வேண்டும்.

அரங்குச் செவிலி · 2023 மே 21, மாலை 5.30

கம்பம் ஊரிலிருந்து ஒருவர், கண்ணில் குத்திய முள்ளை வீட்டிலேயே பிடுங்கலாமா என்கிறார்.

கூடாது. குத்தி நிற்கும் முள்ளே பல நேரம் அடைப்பாக இருக்கும். பிடுங்கினால் உள்நீர் அத்தனையும் ஓடிவரும். அரங்கில் விளக்குக்கு அடியில்தான் அது வெளியே வர வேண்டும்.

கண்ணைக் கசக்கக் கூடாது, பஞ்சு வைத்து அழுத்திக் கட்டக் கூடாது, களிம்பு போடக் கூடாது, தாய்ப்பால், விளக்கெண்ணெய், நாக்கால் தூசி எடுக்கும் வைத்தியம் எதுவும் கூடாது. கண்ணைத் தொடாமல் சுற்றியுள்ள எலும்பின்மேல் நிற்கும்படி ஒரு மூடி போதும். காகிதக் கப்பின் அடிப்பகுதியை வெட்டிப் பிளாஸ்திரி ஒட்டினால் ஆயிற்று.

இன்னொன்று, யாரும் சொல்லாதது: வழியில் சாப்பிடக் கொடுக்காதீர்கள். அழுகிற பிள்ளைக்குப் பாலும் பிஸ்கட்டும் கொடுத்துத்தான் அழைத்து வருவார்கள். பாசம்தான். ஆனால் குழந்தைக்கு முழு மயக்கம் கொடுத்தால்தான் இந்த அறுவை நடக்கும். திறந்த கண்ணைச் சுற்றி ஊசி போட்டு மரக்கச் செய்ய முடியாது, அந்த அழுத்தமே உள்ளிருப்பதை வெளியே தள்ளும். வயிறு நிறைந்திருந்தால் மயக்க மருந்து டாக்டர் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அரங்கு தயார், டாக்டர் தயார், ஊசி நூல் பிரித்து வைத்தாயிற்று, நான்கு இட்லிக்காக எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்ற இரவுகள் எனக்குத் தெரியும்.

அரங்குச் செவிலி · 2023 மே 22, காலை 7.20

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, "அப்படியானால் சுண்ணாம்பு தெறித்தாலும் தொடக் கூடாதா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல வேளை கேட்டீர்கள். அது நேர் எதிர்.

கூர்மையான பொருள் கிழித்தால் கண்ணைத் தொடாதே. சுண்ணாம்பு, ஆசிட், கழிவறை கழுவும் திரவம், சிமென்ட் தெறித்தால் அந்த நொடியே தண்ணீரால் கழுவு. சுத்தமான தண்ணீர் எதுவானாலும் சரி, குடத்துத் தண்ணீர், குழாய்த் தண்ணீர். இமையைப் பிரித்துப் பிடித்து அரை மணி நேரமாவது ஊற்ற வேண்டும். இமைக்கு அடியில் சுண்ணாம்புக் கட்டி ஒட்டியிருந்தால் அது கரைந்துகொண்டே எரிக்கும். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் வீண் போகக் கூடாது.

காரம் அமிலத்தைவிடக் கொடியது. திசுவைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். வெற்றிலைக்கும் புகையிலைக்கும் வரும் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தைகள் அழுத்தி விளையாடும்போது வெடித்து முகத்தில் அடிக்கிறது. அந்தக் குழந்தைகளின் கண்ணைப் பார்த்திருக்கிறேன். கருவிழியும் வெண்விழியும் ஒரே வெள்ளையாக, பீங்கான் நிறத்தில் இருக்கும். தாத்தா பாட்டி உள்ள வீட்டில் அந்தப் பாக்கெட்டை உயரத்தில் வையுங்கள்.

அப்படி எரிந்த கண்ணுக்குத் தைக்க ஒன்றும் இல்லை. கருவிழியின் விளிம்பில் அதன் மேல்தோலைப் புதுப்பிக்கும் மூலச் செல்கள் இருக்கின்றன. அவை செத்துவிட்டால், புதுக் கருவிழி வைத்தாலும் மேலே இரத்தக் குழாய் ஏறிப் படர்ந்து மறைத்துவிடும். முதலில் செல்களை நட வேண்டும். ஹைதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் வீரேந்தர் சங்வான் குழுவினர் 2012-இல் வெளியிட்ட முறையில், நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் அளவுத் துண்டு ஒன்றை எடுத்துப் பொடிப்பொடியாக நறுக்கி, எரிந்த கண்ணின்மேல் பரப்பிய பனிக்குடச் சவ்வில் (கருவில் குழந்தையைச் சூழ்ந்திருக்கும் மெல்லிய சவ்வு) ஒட்டிவிடுகிறார்கள். ஆய்வகத்தில் செல் வளர்க்கும் செலவு இல்லை. நம் நாட்டு ஏழை நோயாளிக்கு ஏற்ற வழி.

அரங்குச் செவிலி · 2023 ஜூன் 3, இரவு 10.45

வைகைக்கரையின் முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். "தைப்பதே சரி" என்று அடித்துச் சொன்னேன். அது உங்கள் மகனுக்குப் பொருந்தும், எல்லோருக்கும் பொருந்தாது. கருவிழியில் ஒரு பகுதியே பிய்ந்து போயிருந்தால் தைக்க விளிம்பு இருக்காது. துளை இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைவென்றால் மருத்துவப் பசை வைத்து மேலே மெல்லிய கான்டாக்ட் லென்ஸ் போடுவார்கள். (கடையில் விற்கும் பசை அல்ல. சொட்டு மருந்து என்று நினைத்து அதை ஊற்றிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. அந்தப் பாட்டிலை மருந்து வைக்கும் அலமாரியில் வைக்காதீர்கள்.) அதைவிடப் பெரிதென்றால் தானக் கருவிழியால் அடைக்கத்தான் வேண்டும்.

காளான் (பூஞ்சை) தொற்று வந்து கருவிழி உருகி ஓட்டை விழுந்தாலும் அப்படியே. அங்கே வைக்கும் கருவிழி பார்வைக்கு அல்ல, கண்ணைக் காப்பாற்ற. பார்வைக்கென்று இன்னொன்று பின்னால் வைக்க வேண்டிவரலாம்.

இந்தக் காளானைப் பற்றி அதிகம் எழுத வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்துக் கண்களை அதிகம் தின்றது இதுதான். நெல் தாள், கரும்புச் சோகை, சோளத் தட்டை, மாட்டு வால் ஏதோ ஒன்று உரசும். சின்னக் கீறல். வேலை நேரம், யாரும் கவனிக்க மாட்டார்கள். நான்காம் நாள் சிவந்ததும் மருந்துக்கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்குவார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறையும், வலி குறையும், உள்ளே காளான் சுகமாக வளரும். பத்து நாள் கழித்து வரும்போது கருவிழியில் பஞ்சு வைத்தது மாதிரி வெள்ளை. அந்தப் பாட்டிலைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டுவார்கள். நான் லேபிளைப் படிப்பேன். அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது.

நேபாளத்தில் பக்தபூரில் ஓர் ஆய்வு நடந்தது, 2001-இல் வெளியானது. கிராமத் தொண்டர்கள் கீறல்பட்ட கண்களைக் கண்டுபிடித்து, குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக் களிம்பை மூன்று நாள் போட்டார்கள். அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கியவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. தாமதமானவர்களில் வந்தது. இவ்வளவு மலிவான மருந்து, இவ்வளவு பெரிய பலன். மேலே களிம்பு கூடாது என்றது கிழிந்த கண்ணுக்கு. இது மேலோட்டக் கீறலுக்கு. எது எது என்று விளக்கு வைத்துப் பார்க்கத் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும், ஆகவே கீறல் என்று நீங்களே முடிவு செய்யாமல் அன்றே காட்டுங்கள்.

காளானுக்கு நாட்டமைசின் என்ற பழைய சொட்டு மருந்தையும் வோரிகோனசோல் என்ற புதிய, விலை கூடிய மருந்தையும் அரவிந்த் கண் மருத்துவமனைகளில் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வின் முடிவு 2013-இல் வந்தது. பழையதுதான் வென்றது. ஃபியூசேரியம் வகைக் காளானில் வித்தியாசம் மிகத் தெளிவு. மதுரைப் பக்கத்து விவசாயிகளின் கண்கள் உலகத்துக்கே கற்றுக்கொடுத்த பாடம் அது.

அரங்குச் செவிலி · 2023 ஜூன் 4, காலை 6.30

தானக் கண் எப்போதிருந்து என்று கேட்டவருக்குச் சுருக்கமாக.

1905 டிசம்பர் 7, இன்றைய செக் நாட்டின் ஓலோமோட்ஸ். எடுவார்ட் சிர்ம் என்ற டாக்டர், சுண்ணாம்பால் இரண்டு கண்களும் வெந்த கூலித் தொழிலாளி ஒருவருக்குக் கருவிழி வைத்தார். தானம் தந்தது பதினொரு வயதுச் சிறுவனின் கண். இரும்புத் துண்டு பாய்ந்து, காப்பாற்ற வழியில்லாமல் எடுக்கப்பட்ட கண். ஒரு கண்ணில் வைத்தது தெளிவாக நிலைத்தது. உலகில் வெற்றி பெற்ற முதல் கருவிழி மாற்றம் இரண்டு காயங்களின் சந்திப்பில்தான் நடந்தது. அந்தச் சிறுவனுக்கு இன்று அடிபட்டிருந்தால் அந்தக் கண்ணையே தைத்துப் பார்த்திருப்பார்கள்.

நம் நாட்டில் முதல் கண் வங்கி 1945-இல் சென்னையில், எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் டாக்டர் முத்தையா தொடங்கியது. அந்த மருத்துவமனையே 1819-இல் ஏற்பட்டது. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தால் போதும், ஐந்து நிமிட போன் அழைப்பு. இதை எத்தனை முறை எழுதினாலும் மிகையாகாது.

வைகைக்கரை · 2023 ஜூன் 19, மாலை 6.10

நேற்றிலிருந்து பையனின் கண் சிவந்து நீர் வடிகிறது. செக்கப் அடுத்த வாரம்தான். காத்திருக்கலாமா?

அரங்குச் செவிலி · 2023 ஜூன் 19, மாலை 6.25

காத்திருக்காதீர்கள். இன்றே கிளம்புங்கள். தையல் தளர்ந்திருக்கும். குழந்தைகளுக்குக் காயம் வேகமாக ஆறுவதால் நூல் சீக்கிரம் தளரும். தளர்ந்த நூலில் பீளை சேரும், கிருமி ஏறும், அதைப் பிடித்துக்கொண்டு இரத்தக் குழாய் வரும். பெரியவர்களுக்கு மூன்று மாதமும் அதற்கு மேலும் விடுவார்கள். இந்த வயதில் பல நேரம் ஒரு மாதம், இரண்டு மாதத்திலேயே எடுக்க வேண்டிவரும். அவன் ஒத்துழைக்காவிட்டால் மயக்கம் கொடுப்பார்கள், ஆகவே இப்போதிலிருந்து ஒன்றும் சாப்பிடக் கொடுக்க வேண்டாம்.

வைகைக்கரை · 2023 ஜூன் 20, காலை 11.00

இரண்டு தையல் தளர்ந்திருந்தது. எடுத்துவிட்டார்கள். மற்றவற்றை அடுத்த மாதம் எடுப்பார்களாம். தொற்று இல்லை.

அரங்குச் செவிலி · 2023 ஜூன் 20, பிற்பகல் 1.15

நல்லது. இனிமேல்தான் உங்கள் வேலை. டாக்டரின் பங்கு குறைந்து வீட்டின் பங்கு கூடும் கட்டம் இது.

ஏழு வயது என்பதால் அவசரம். மங்கலான கண்ணின் படத்தை மூளை ஒதுக்கப் பழகிவிட்டால், பிறகு கருவிழியைக் கண்ணாடி போல ஆக்கினாலும் பார்வை வராது. சோம்பேறிக் கண் என்பார்கள். தையல் எடுத்ததும் பவர் பார்க்கச் சொல்லுங்கள். சிலிண்டர் பவர் (கருவிழியின் நெளிவால் வரும் பவர்) அதிகம் இருக்கும், தையல் எடுத்த பிறகும் மாறிக்கொண்டே இருக்கும். அதற்காக எல்லாம் நிலைக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். அடிக்கடி மாற்ற நேர்ந்தாலும் கண்ணாடி போடுங்கள். நெளிவுக்குக் கண்ணாடியைவிடக் கடின கான்டாக்ட் லென்ஸ் நல்லது. லென்ஸுக்கும் கருவிழிக்கும் இடையில் கண்ணீர் நிரம்பி, மேடு பள்ளம் சமமாகிவிடும். ஏழு வயதுப் பையனுக்குப் போட முடியுமா என்றால், முடியும். அம்மாவும் அப்பாவும் போடக் கற்றுக்கொள்ள வேண்டும்.

நல்ல கண்ணைத் தினமும் டாக்டர் சொன்ன நேரத்துக்கு மூடி வைக்கச் சொல்வார்கள். அழுவான், பிய்த்து எறிவான். பள்ளியில் வேண்டாம் என்பான். வீட்டில், அவனுக்குப் பிடித்த வேலையோடு சேர்த்து வையுங்கள்: படம் வரைதல், பருப்பில் கல் பொறுக்குதல், எதுவானாலும் அருகில் உற்றுப் பார்க்கும் வேலை. இதில் தளர்ந்துபோகும் குடும்பங்கள் அதிகம். அறுவை பிரமாதமாக நடந்து, தழும்பு ஒதுங்கி, லென்ஸ் தப்பி, கடைசியில் இந்த ஒட்டுத்துணிக்குச் சலித்து பார்வையை இழந்த பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வைகைக்கரை · 2023 டிசம்பர் 2, இரவு 9.00

லென்ஸ் போட்டு 6/12 வரி (சாதாரணக் கண் 12 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்) படிக்கிறான். லென்ஸ் போடுவது என் மனைவிதான். எனக்குக் கை நடுங்குகிறது. மாற்று அறுவை தேவைப்படாது என்றார் டாக்டர். கிரிக்கெட் விளையாட அனுப்பலாமா என்று கேட்கிறான்.

அரங்குச் செவிலி · 2023 டிசம்பர் 3, காலை 6.15

6/12! உங்கள் மனைவியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், அந்த வரி அவருடைய உழைப்பு.

கிரிக்கெட் விளையாடட்டும், பாலிகார்பனேட் (எளிதில் உடையாத பிளாஸ்டிக்) கண்ணாடி போட்டுக்கொண்டு. பவர் இல்லாவிட்டாலும் போட வேண்டும். தைத்த கருவிழி ஆறினாலும் பழைய வலு வராது, அடிபட்டால் அதே கோட்டில் பிரியும். நல்ல கண்ணுக்கும் காவல் வேண்டும். ரப்பர் பந்து என்று அலட்சியம் வேண்டாம்.

அரங்குச் செவிலி · 2024 பிப்ரவரி 11, மாலை 4.50

இந்தப் பழைய விவாத இழையைத் தோண்டி எடுத்து ஒரு பட்டறைக்காரர் கேட்டிருக்கிறார்: உளியில் சுத்தியலால் அடித்தபோது கண்ணில் ஏதோ பட்டது, கொஞ்சம் உறுத்தல்தான், பார்வை நன்றாக இருக்கிறது, தண்ணீரால் கழுவிவிட்டேன், போதுமா?

போதாது. இரும்பை இரும்பால் அடிக்கும்போது தெறிக்கும் சிம்பு அவ்வளவு வேகத்தில் வரும், கருவிழியில் ஊசித்துளை போட்டு உள்ளே போய்விடும். துளை தானாக மூடிக்கொள்ளும், வலியும் இருக்காது. உள்ளே தங்கிய இரும்பு மெல்லத் துருப்பிடித்து விழித்திரையைக் கெடுக்கும். மேலே ஒட்டிய தூசியென்றால் ஸ்லிட் லாம்பில் (கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் விளக்குக் கருவியில்) சொட்டு மருந்து போட்டு ஊசி நுனியால் எடுத்து, துரு வளையத்தைச் சுரண்டி அனுப்பிவிடுவார்கள்; பத்து நிமிட வேலை. உள்ளே போனதா என்று அறிய எக்ஸ்ரேயோ சிடி ஸ்கேனோ வேண்டும். எம்.ஆர்.ஐ. மட்டும் எடுக்கவே கூடாது. காந்தம் அந்த இரும்பைக் கண்ணுக்குள் நகர்த்திவிடும். எந்த வேலையின்போது அடிபட்டது என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். நாளை காலை அல்ல, இன்றே போங்கள்.